குப்பை அள்ளாத புழு

புழு வளர்ப்பவனுக்கு முதல் எதிரி கரண்ட் கட், இரண்டாவது பூஞ்சணம், மூன்றாவது அவனுடைய சொந்த மனம். குளிரூட்டியை நம்பிப் பிழைக்கும் ஆய்வுகூடக்காரர்களே, கீழே வரும் மீன்பெட்டிக் கதையை நானே பல வருடங்களாக முழுதாக நம்பவில்லை.

ஓட்டோவில்

செங்கலடிச் சந்தியில் பஸ்ஸைத் தவறவிட்டு ஓட்டோ பிடித்தேன். என்ன வேலை என்று சாரதி கேட்டார். விளக்கினேன். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத புழு. அதன் முட்டைக்குள் கரு வளரும்போது, தாய் கொடுத்த சில புரதங்கள் கட்டியாகத் திரளும். கருவின் கலங்கள், அதாவது செல்கள், அவற்றை விழுங்கிச் செரித்துவிடும். அதற்கு வேண்டிய ஜீன் ஒன்று பழுதானால் கட்டிகள் அப்படியே கிடக்கும். நுணுக்குக்காட்டியில் பச்சைப் புள்ளிகளாக ஒளிரும். அப்படிப் பழுதான புழுவைத் தேடுவதுதான் வேலை.

அவர் தெருவோரம் குவிந்திருந்த பைகளைக் காட்டினார். "அப்ப எங்கட ஒழுங்கைக்கும் அந்த ஜீன் பழுதுதான் சேர்."

மீன்பெட்டி

அப்படி ஒரு புதுப் புழுவை நானும் பரீதாவும் கண்டுபிடித்தோம். பரீதா ஏறாவூர்க்காரர், அப்போது என் ஆய்வு மாணவி, இப்போது சக விரிவுரையாளர். ஒப்பிட்டுப் பார்க்க, வெளிநாட்டில் ஏற்கெனவே கண்டுபிடித்த பழுதுப் புழு ஒன்றையும் இரவல் வாங்கியிருந்தோம். இரண்டின் முட்டையிலும் ஒரே மாதிரிப் புள்ளிகள். பார்த்து வேறுபிரிக்க முடியாது.

நான் கொழும்பில் நின்ற நாளில் கரண்ட் போனது. எங்கள் வெக்கையில் புழு மலடாகிவிடும். பரீதா சந்தையில் மீன்பெட்டியும் ஐஸும் வாங்கி, இரண்டு புழுக்களும் தனித்தனியே வளர்ந்த இரண்டு தட்டுகளையும் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஐஸ் உருகி, மூடிகளில் பேனையால் எழுதிய பெயர்கள் அழிந்தன. பிறகு கீழே இருந்த தட்டில் பூஞ்சணம் படர்ந்து அதிலிருந்த புழுவெல்லாம் செத்தன. மிஞ்சியது எது என்று வந்து கேட்டேன்.

"எங்கட தட்டத்தான் மேல வெச்சன் சேர். செத்தது இரவல் புழு. மீன் மணக்குது எண்டு மட்டும் ஏசாதீங்க."

கலப்பு

மிஞ்சிய புழுவை வைத்துத்தான் பரீதா பட்டம் பெற்றார். இன்று அவருடைய மாணவர்களும் அதிலேயே வேலை செய்கிறார்கள். அது இரவல் புழுவென்றால், அடுத்தவர் கண்டுபிடித்ததை எங்களுடையது என்று சொன்னவர்களாவோம். நாவற்குடா வீட்டில் சோற்றுக்கு முன்னால் இருந்தும் எனக்கு மேல்தட்டு, கீழ்த்தட்டு யோசனைதான்.

இந்த வருடம் இரவல் புழு மீண்டும் கிடைத்தது. இரண்டையும் கலந்தோம். இரண்டிலும் ஒரே ஜீன் பழுதென்றால் கலப்பு முட்டையிலும் புள்ளிகள் நிறையும்; வேறுவேறு ஜீன் என்றால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். குனிந்து பார்த்தேன். பின்னால் முட்டையாகவும் விந்தாகவும் ஆகப்போகும் இரண்டு கலங்களில் மட்டும் பச்சை. நல்ல புழுவிலும் அங்கே அது இருக்கத்தான் வேண்டும். மற்ற இடமெல்லாம் கூட்டித் துடைத்த மாதிரி. எங்கள் புழு எங்களுடையதுதான். பக்கத்தில் நின்ற பரீதா என் முகத்தைப் பார்த்தார்.

"அழுறீங்களா சேர்? தள்ளி நிண்டு அழுங்க, லென்சுல தண்ணி பட்டா கரச்சல்."

குப்பையைச் சில மணிநேரத்தில் அள்ளிவிடும் புழுவை இத்தனை காலம் படித்தவன், எனக்குள் கிடந்ததை அன்றுதான் அள்ளி வெளியே வைத்தேன்: "பரீதா, நான் உங்கள நம்பல்ல எண்டு உங்களுக்கு முதலே தெரியுமா?"