மிக அரிதாகக் கேள்வி கேட்கும் பிள்ளை

போர் முடிந்து சில வருடங்களில், மீத்திறன் பிள்ளைகளுக்கென்று புத்தளத்தில் சனிக்கிழமை வகுப்பொன்று தொடங்கினார்கள். கற்பிட்டியில் தரம் மூன்று படித்துக்கொண்டிருந்த என் மகளை டீச்சர் சிபாரிசு செய்தார். பெற்றோர் நிரப்ப ஒரு தாள் வந்தது. பிள்ளை காரணம் கேட்கிறதா, வயதுக்கு மீறிப் பேசுகிறதா என்று நிறையக் கேள்விகள். மிக அரிது, சிலவேளை, அடிக்கடி, எப்போதும்: ஒன்றுக்குப் புள்ளடி போட வேண்டும்.

"எப்போதும்ண்டு போட்டுடாதீங்க, புள்ளைக்குக் கண்ணூறு படும்," என்றாள் மனைவி.

வெளியில் நான் எல்லாரையும் சிரிக்கவைக்கும் பெரிய பகிடிக்காரன். வீட்டில் மனைவியின் சொல்வழி கேட்கும் பிள்ளை. எல்லாவற்றுக்கும் 'மிக அரிது' போட்டேன். எங்கள் அடக்கத்தை மெச்சுவார்கள் என்று வேறு நினைத்தேன்.

டீச்சர் எங்கள் இருவரையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார். பிள்ளைகளின் வாங்கில் என்னைச் செருகினார்கள். முழங்கால்கள் மேசைக்கடியில் இறுகிவிட்டன. ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் சுவர், முன்னால் டீச்சர்.

"நான் பலகையில பிழையா எழுதின கணக்கையே திருத்துற புள்ள. நீங்க என்ன இப்பிடிப் போட்டிரிக்கீங்க?"

"எங்கட புள்ளயப் பத்தி நாங்களே பெருமையடிக்கிறதா டீச்சர்?"

"பெருமையா கேட்டாங்க? இத அனுப்பினா அவவ எடுக்க மாட்டாங்க. இண்டைக்குத்தான் கடைசி நாள்." புதுத் தாளொன்றை நீட்டினார்.

பேனையை எடுத்தேன். மனைவி தொடையில் கிள்ளினாள். வைத்தேன். டீச்சர் செருமினார். எடுத்தேன். மறுபடி கிள்ளு. எழுந்து ஓடலாமென்றால் மேசையும் கூடவே வரும். ஒரு பகிடிகூட வாயில் வரவில்லை.

வாசலில் நின்ற மகள் உள்ளே வந்து பழைய தாளை எடுத்து வாசித்தாள்.

"வாப்பா, நான் காரணம் கேக்கிறது மிக அரிதா?"

தாளைப் பிடுங்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"கடல் ஏன் உப்புண்டு கேட்டனே? உப்பளத்துக்காரங்க மிச்சத்தக் கொட்டினதுண்டு சென்னீங்களே. ஞாபகமில்லயா?" குரல் உடைந்துவிட்டது. வகுப்பு கிடைக்காதே என்பதற்காக அல்ல; வாப்பா தன்னைக் கவனிக்கவேயில்லை என்று நினைத்துவிட்டாள்.

மனைவியின் விரல்கள் தளர்ந்தன. "ஒவ்வொண்டுக்கும் மாஷா அல்லாஹ் செல்லி எழுதுங்க, கண்ணூறு படாது," என்றாள் மெல்ல.

ஒவ்வொரு 'எப்போதும்' போடும்போதும் சேர்ந்து சொன்னோம். டீச்சரும் சொன்னார். கடைசிக் கேள்வி, நகைச்சுவை உணர்வு. இது நம் பரம்பரைச் சொத்தாயிற்றே என்று பேனையை ஓங்கினேன்.

"அதுக்குச் சிலவேளைண்டு போடுங்க வாப்பா," என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்கட பகிடி ஒண்டுக்கும் எனக்குச் சிரிப்பு வாறல்ல."

டீச்சர் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்து தாளுக்குக் கைநீட்டினார். சிலவேளை என்றே போட்டுக் கொடுத்தேன்.