உடுமலைக் காற்றில் காயாத சொட்டு

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு முதலிபாளையத்திலிருந்து புறப்பட்டோம். ஓட்டியவர் என் வீட்டுக்காரர் மாரிமுத்து. வண்டி எங்களுடையது அல்ல. அவர் டிரைவராக இருக்கும் பனியன் கம்பெனியின் முதலாளிக்குச் சொந்தமான ஹைபிரிட் கார். ஜீப் மாதிரி உயரமானது. பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும்.

என் அக்காவின் கணவருக்குத் திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இடுப்பு ஆபரேஷன் நடந்திருந்தது. மூன்று வாரம் கழித்து அன்றுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு மறையூரில். உடுமலையிலிருந்து காட்டு வழியாக மலை ஏறினால் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் போகக்கூடாது, தாழ்வான சீட்டில் உட்காரக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேள்விப்பட்ட முதலாளி, "என்ற வண்டிய எடுத்துட்டுப் போப்பா, நாயித்துக்கெழம பொழுதோட கொண்டாந்துரு" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். நானும் அதே கம்பெனியில்தான், செக்கிங் செக்‌ஷனில். துணியில் கறையும் ஓட்டையும் தேடுவது என் வேலை.

எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். பில் முடிந்து அத்தானைக் கீழே கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை இவர் சும்மா இருக்கவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். இன்ஜின் ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் நிற்பதை எனக்குக் காட்டினார். பிரேக் ஆயில் டப்பாவை வெளியிலிருந்தே பார்த்தார். கியர் பகுதியில் இருக்கிற ஆயிலுக்குக் குச்சியே கிடையாதாம். வண்டியைத் தூக்கி, கீழே ஒரு போல்ட்டைக் கழற்றித்தான் அளவு பார்க்க முடியுமாம். அதனால் அதற்கு ஒரே காவல், தரையில் சிவப்பாக எதுவும் சொட்டாமல் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதுதான் என்றார்.

அத்தானைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பானெட் திறந்திருப்பதைப் பார்த்ததும், "என்ன தம்பி, இதுக்கும் இன்னிக்குத்தான் டிஸ்சார்ஜா?" என்று கேட்டார்.

"செக்கப்புதான் அண்ணாச்சி. இங்க பாருங்க, கூலன்ட் டேங்கு ரெண்டு. பெருசு இன்ஜினுக்கு. சின்னது, பேட்டரி கரண்ட மோட்டருக்கு மாத்திக் குடுக்குற பெட்டிக்கு. அது சூடாயிட்டா வண்டி மேட்டுல இழுக்காது."

"எனக்கு எத்தன டேங்குன்னு டாக்டர் சொல்லவே இல்ல" என்றார் அத்தான்.

முன் சீட்டைப் பின்னால் தள்ளி, இரண்டு தலையணை போட்டு அவரை உட்கார வைத்தோம். வாக்கரை மடித்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது.

பல்லடம் பதினைந்து கிலோமீட்டர். யாரும் காலையில் சாப்பிடாததால் ஊர் தாண்டி ஒரு கடையில் நிறுத்தினோம். இட்லி இரண்டு முப்பது ரூபாய், டீ பதினைந்து. அத்தானை இறக்கி வாக்கரில் நாலு எட்டு நடக்க வைத்துவிட்டுத் திரும்பும்போது, வண்டிக்கு அடியில் ரோஸ் நிறத்தில் ஐந்தாறு சொட்டுகளைப் பார்த்தேன். கூலன்ட்டும் ரோஸ் நிறம்தான். இவர் முகம் மாறிவிட்டது.

நான் உட்கார்ந்து பார்த்தேன். முன் பக்கம், தரையைப் பார்த்து இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் இடுக்கில் ரோஸ் துணிக் கற்றை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பனியன் வேஸ்ட், அதாவது கம்பெனியில் கழிந்த துணி, இல்லாத வண்டி கிடையாது. கண்ணாடி துடைக்க அது, கை துடைக்க அது, எங்காவது கடகடவென்று ஆடினால் இடுக்கில் செருகுவதற்கும் அதுதான். முந்தின நாள் வண்டியைக் கழுவும்போது தட்டு ஆடுகிறதென்று இவர் ஒரு கட்டு எடுத்து அடைத்திருக்கிறார். அந்தத் துணியை எனக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் பட்டால் சாயம் போகிறது என்று செக்கிங்கில் நாங்களே கழித்துத் தள்ளிய லாட். ஏசி ஓடும்போது கீழே தண்ணீர் சொட்டுவது எல்லா வண்டிக்கும் இயல்பு. அந்தத் தண்ணீர் துணியில் விழுந்து சாயத்தோடு இறங்கியிருந்தது.

"இது சாயம்ங்க. கூலன்ட் இல்ல" என்றேன்.

"நல்லாத் தெரியுமா?"

"நம்ம லாட்டு எனக்குத் தெரியாதா."

வண்டியை ஆஃப் செய்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கீழே படுத்தார். இந்த வண்டியில் சத்தம் இல்லை என்பதால் ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்துவிடக்கூடாது. பேட்டரியில் நின்றுகொண்டிருக்கும், இன்ஜின் எப்போது வேண்டுமானாலும் தானாகக் கிளம்பும். துணியை இழுத்தார். ஒரு முனை உள்ளே எதிலோ மாட்டியிருந்தது. வெடுக்கென்று பிடுங்கினார், வந்துவிட்டது.

"பாத்தீங்களா அண்ணாச்சி, உங்க கொழுந்தியா வேலைய. வண்டிக்கே செக்கிங் போட்டுட்டா."

"பீஸ் ரேட்டு எவ்வளவுன்னு கேட்டுக்கோ" என்றார் அத்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பல்லடத்திலிருந்து உடுமலை நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். விசைத்தறிச் சத்தம் குறைந்து, கோழிப்பண்ணைகள் வந்து, பிறகு தென்னந்தோப்பும் காற்றாலைகளுமாக ஆகிவிடுகிறது. தெற்கே மலை நீலமாக எழுந்து நின்றது. அத்தான் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். மறையூரில் அவர் தோட்டத்தில் கரும்பு வெட்டி, வெல்லம் காய்ச்சும் நேரம். அக்கா ஒருத்தியாக ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "பாகு பதம் அவளுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். ஆனா அதை நான் இதுவரை சொன்னதில்ல" என்றார்.

பதினொன்றரைக்கு உடுமலைப்பேட்டை. அத்தானை நடக்க வைக்க ஒரு மெஸ் முன்னால் நிறுத்தினோம். சிமெண்ட் தரை. கடைக்காரப் பெண் வாசலில் வாளித் தண்ணீரை வீசிக் கழுவிவிட்டுப் போனாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அங்கே எந்நேரமும் அடிக்கும். அத்தான் நடந்து முடிப்பதற்குள் தரை உலர்ந்து வெள்ளையாகிவிட்டது. வண்டிக்கு அடியில் மட்டும் மூன்று சொட்டு அப்படியே இருந்தது. ரோஸ்.

"தட்டுல ஒட்டுன மிச்சச் சாயம்" என்றார் இவர், நான் கேட்காமலே.

நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன். பல்லடத்தில் அவ்வளவு உறுதியாகச் சொன்னவள் நான்தானே. ஆனால் சாயத் தண்ணீர் வெறும் தண்ணீர்தான். அந்தக் காற்றில் காய்ந்து கறையாகியிருக்க வேண்டும். இது பளபளவென்று நின்றது. ஒரு சொட்டை இரண்டு விரலால் தேய்த்தேன். வழுக்கியது. லேசான இனிப்பு வாடை. இது விஷம், வாயில் வைக்கக்கூடாது என்று இவரே சொல்லியிருக்கிறார். உடனே கையைக் கழுவினேன்.

மெஸ் வாசலில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏங்க, இது சாயம் இல்ல" என்றேன்.

"பல்லடத்துல சாயம், உடுமலைல கூலன்ட்டா? மறையூர்ல என்ன, ரத்தமா?"

"அங்க பாத்தது சாயம்தான். இது வேற."

பானெட்டைத் திறந்து, பெரிய டேங்க்கைப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. "பாரு" என்று மூடப் போனார்.

வாக்கரைப் பிடித்து நின்றிருந்த அத்தான், "ரெண்டு டேங்குன்னு காலைல சொன்னியே தம்பி. சின்னதைப் பாத்தியா?" என்றார்.

சின்னதில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது.

அமராவதி நகர் தாண்டி ஒன்பதாறு என்கிற வனத்துறை செக்போஸ்ட்டுக்குள் நுழைந்தால், பிறகு காடு. வண்டியை நிறுத்தவோ இறங்கவோ கூடாது. யானை நடமாட்டம் உண்டு. போன் எடுக்காது. மேட்டில் அந்தப் பெட்டி சூடாகி வண்டி நின்றால், மூன்று வாரத்துக்கு முன்னால் இடுப்பில் கம்பி வைத்த மனிதரை நாங்கள் என்ன செய்வது? மாலை ஆறு மணிக்கு மேல் செக்போஸ்ட்டில் விடவும் மாட்டார்கள்.

மூன்று கடை தள்ளி ஒரு ஒர்க்‌ஷாப். நடத்துபவர் பழனிச்சாமி, அறுபது வயது இருக்கும். வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கரண்டு வண்டிக்கெல்லாம் நான் கை வெக்கறதில்லீங்க. கட்ட வண்டில இருந்து டிராக்டர் வரைக்கும் சொல்லுங்க, செய்யறன்" என்றார்.

"ஆரஞ்சு கலர் ஒயர்லதான் பேட்டரி கரண்டு, அது பக்கம் போகாம இருந்தாப் போதுங்க. ரப்பர் ஓஸ் மட்டும்தான் பாக்கணும்" என்றார் இவர்.

"அப்பச் சரி. நீங்க காட்டுங்க, நான் முடுக்கறன்."

சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதித்து முகத்தில் அடிக்கும். அதனால் ஒரு மணி நேரம் ஆறவிட்டோம். மெஸ்ஸில் சாப்பாடு நூறு ரூபாய், கொள்ளு ரசம் நன்றாக இருந்தது. அத்தானுக்கு உயரமான நாற்காலி கிடைக்கவில்லை. கடைக்காரப் பெண் அரிசி மூட்டை மேல் ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்தாள். "எங்க ஊட்டு மாப்பிள்ளைக்குக்கூட இத்தன மரியாதி பண்ணுனதில்லீங்க" என்றாள்.

வண்டியைத் தூக்கித் தட்டைக் கழற்றினார்கள். டார்ச் அடித்துப் பார்த்த பழனிச்சாமி சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, எந்தூருங்க வண்டி? திருப்பூருங்களா?"

"ஆமாங்க."

"நெனச்சன். அம்மிணி, இங்க வந்து பாருங்க."

சின்ன டேங்க்கிலிருந்து இறங்கும் ரப்பர் குழாயின் முனையில் ஒரு கம்பிக் கிளிப். அதன் வாயில் ரோஸ் துணி நூல் விரல் நீளத்துக்கு மாட்டியிருந்தது. பல்லடத்தில் பிடுங்கிய பிடுங்கலில் கிளிப் நகர்ந்துவிட்டது. அங்கே பார்த்தது சாயம்தான். அதை நிறுத்தப் போய்தான் இது ஆரம்பித்தது.

"உங்கூர் வண்டீன்னா பாதி ரிப்பேரு வேஸ்ட்டுத் துணிதானுங்க. போன மாசம் ஒருத்தரு ஆயில் மூடியத் தொலச்சுப்போட்டு, துணிய அடச்சு பொள்ளாச்சி வரைக்கும் போயிருக்கறாரு."

இவர் அந்த நூலை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். காது சிவந்திருந்தது.

பழைய கிளிப்பை எடுத்துவிட்டுப் புதிது போட்டார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கூலன்ட் ஒரு லிட்டர் நானூற்று எண்பது ரூபாய். நிறம் ஒன்றாக இருந்தால் போதாது என்று இவர் வண்டியின் புத்தகத்தையும் டப்பாவையும் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்த்துத்தான் வாங்கினார். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும் என்றார். மேல்கோடு வரை ஊற்றி, வண்டியை ஆன் செய்ததும் டேங்க்கில் குமிழி வந்தது. காற்று வெளியேற வெளியேற அளவு இறங்கியது. மறுபடி ஊற்றினார். குமிழி நின்று, நீர் சீராகச் சுழன்றது. கூலி முந்நூறு. அத்தான் தான் கொடுப்பதாகச் சொன்னார். "எனக்கும் வண்டிக்கும் ஒரே மாசத்துல கிளிப்பு மாட்டியாச்சு. இது என் கணக்கு."

மணி இரண்டே முக்கால். இன்று ஏறுவதா, உடுமலையில் லாட்ஜில் தங்கி நாளை போவதா? அத்தான் மலையைப் பார்த்தார், கேட்கவில்லை. இவர் என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு. போலாமா?"

பழனிச்சாமி, மெஸ் பெண், வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் இன்னொரு தடவை குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன்.

"அமராவதி நகர் வரைக்கும் ஓட்டுங்க. அங்க நிறுத்திப் பாப்போம். ஒரு சொட்டு இருந்தாலும் திரும்பிரணும்" என்றேன். என் குரல் எனக்கே சன்னமாகக் கேட்டது.

"அதானுங்க சரி" என்றார் பழனிச்சாமி.

மூன்றரைக்கு அமராவதி நகர். ஓரமாக நிறுத்தி, கால் மணி நேரம் காத்திருந்தோம். வெள்ளைத் துணி ஒன்றை வண்டிக்கு அடியில் முழுவதும் விரித்து வைத்திருந்தேன். ஒரே ஒரு ஈரம் இருந்தது. நிறம் இல்லை, வழுக்கவில்லை, காற்றில் காய்ந்துவிட்டது. ஏசித் தண்ணீர். டேங்க்கில் அளவு அசையவில்லை.

செக்போஸ்ட்டில் வண்டி எண் எழுதிக்கொண்ட வனக்காவலர், "வழியில எங்கயும் நிறுத்தாதீங்க" என்றார். நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் "இல்லீங்க" என்றோம்.

மேட்டில் இன்ஜின் உறுமும்போதெல்லாம் நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் எச்சரிக்கை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் யானைச் சாணம் புதிதாகக் கிடந்தது. அத்தான் அதைப் பார்த்து, "அரை மணி ஆகியிருக்கும்" என்றார், பஸ் போனதைச் சொல்வதுபோல. கேரள எல்லையான சின்னாற்றைத் தாண்டினோம். விளக்கு எதுவும் எரியவில்லை. ஐந்தேகாலுக்கு மறையூர்.

வெல்லம் காய்ச்சும் வாடை ரோடு வரைக்கும் வந்தது. அத்தான் யாரையும் பிடிக்க விடாமல், வாக்கரோடு தானே நடந்து போனார். அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். "ஏன் இவ்வளவு நேரம்? வழியில ஒண்ணும் தொந்தரவில்லையே?"

"சாப்பிட்டு மெதுவா வந்தோம்" என்றார் அத்தான். இவர் தலையாட்டினார். நானும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். மறையூரில் வண்டி நின்ற இடம் செம்மண். அதில் சிவப்பு எது, சொட்டு எது என்று யாருக்குத் தெரியும்? எங்கள் முதலிபாளையத்துச் சிமெண்ட் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் ஒளிந்துகொள்ள முடியாது. அத்தான் வாசலுக்கு வந்து வாக்கரைப் பிடித்து, வண்டிக்கு அடியில் பார்க்கக் குனியப் பார்த்தார். அக்கா கத்தினாள். "டாக்டர் என்ன சொன்னாரு? அங்க என்ன இருக்கு, அப்படிக் குனியுறதுக்கு?"

நான் மண்டியிட்டு, கையால் மண்ணைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. "ஒண்ணுமில்ல அத்தான்" என்றேன்.

"என்ன ஒண்ணுமில்ல?" என்றாள் அக்கா. நான் ஏறிக் கதவைச் சாத்தியதும் வண்டி சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டது.

காடு தாண்டி, போன் எடுத்ததும் அக்காவைக் கூப்பிட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். இடுக்கில் துணி அடைத்தது யார் என்பதையும் சொன்னேன். உடுமலையில் தொடங்கிப் பல்லடம் வரும்வரை அவள் இவரை விடாமல் திட்டினாள். ஸ்பீக்கரில் போட்டு, ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துவிட்டேன்.