கம்பவுண்டர் கண்ட கூழ்மங்கள்

ஒன்றோடொன்று சேராததைச் சேர்த்து வைப்பதும், சேர்ந்தது பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும்தான் கம்பவுண்டர் வேலை. சம்பந்தம் பேசி முடிக்கிறவர்களுக்குக்கூட இதில் பாதிக் கஷ்டம்தான் இருக்கும்.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னாலும், சண்டை நடந்த வருஷங்களிலும் நாமக்கல்லில் ஒரு தனியார் வைத்தியசாலையில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். அந்த மாதிரிக் கலவைகளைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நீங்கள் அவதிப்பட்டது நாக்கில், நான் அவதிப்பட்டது மணிக்கட்டில். அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். ரசாயனத்தில் பைத்தியம். பாலைப் பார்த்தாலும், பிசினைப் பார்த்தாலும், ஆற்று வெள்ளத்தைப் பார்த்தாலும் "கொலாய்டு" என்பார். இப்போது பள்ளிப் புத்தகத்தில் கூழ்மம் என்று போடுகிறார்கள். தண்ணீரில் கரையவும் செய்யாமல், அடியில் படியவும் செய்யாமல், பொடிக்கும் பொடியாக மிதந்துகொண்டே இருப்பது அது. பெயர் எதுவானாலும், அது செய்துகாட்டிய வேலையைப் பார்த்து நான் கை வேலையை மறந்து நின்றது பல தடவை.

கல்வம் பேசியது

விளக்கெண்ணெயை அப்படியே குடிக்க மாட்டேன் என்பவர்களுக்கு அதைப் பாலாக்கிக் கொடுப்போம். மருந்து அரைக்கிற பீங்கான் கல்வத்தில் பிசின் தூளையும் எண்ணெயையும் போட்டுக் குழைத்து, அளவான தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றி, நிறுத்தாமல் ஒரே பக்கமாக அரைக்க வேண்டும். கை கடுத்து, இது சேரவே சேராது என்று மனசு விட்டுப்போகிற நேரத்தில் கல்வத்துக்குள் சடசடவென்று ஒரு சத்தம் கேட்கும். மஞ்சள் எண்ணெய் கண் முன்னாலேயே வெண்ணெய் மாதிரி வெளுத்துவிடும். அப்புறம் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பிரியாது. எத்தனை வருஷம் கேட்டும் எனக்கு அந்தச் சத்தம் அலுக்கவில்லை.

பரமத்திப் பக்கத்திலிருந்து ஒரு செக்குக்காரர் வயிற்று உபாதையோடு வந்திருந்தார். பிறந்ததிலிருந்து எண்ணெயோடு பழகியவர். கல்வத்துக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வெளுத்ததும், விரலால் ஒரு துளி தொட்டுத் தேய்த்தார். முகர்ந்தார். வந்த வயிற்று வலியை மறந்துவிட்டார்.

"எண்ணெயும் தண்ணியும் என்னைக்காச்சும் சேருமான்னு கேட்டுத்தானுங்க, பங்காளியோட சேர மாட்டேன்னு பஞ்சாயத்துல அடிச்சுச் சொல்லீட்டு வந்தேன். இப்ப நான் என்னத்தச் சொல்றதுங்க?" என்றார்.

குமாரபாளையத்தில் புதுவெள்ளம்

ஒரு வருஷம் காவிரியில் புதுவெள்ளம் வந்த கையோடு குமாரபாளையத்தில் காலராவும் வந்தது. ஒரு மூட்டை படிகாரமும் பிளீச்சிங் பவுடரும் கொடுத்து டாக்டர் என்னை அனுப்பினார். நெசவுக்காரர் தெருவில் தறிச் சத்தமே இல்லை. ஆற்றுத் தண்ணீர் செங்கல்லைக் கரைத்த மாதிரி இருந்தது. காய்ச்சிக் குடிக்கலாமென்றால் விறகெல்லாம் மழையில் ஊறிக் கிடந்தது. தண்ணீரில் மருந்து போடவும் யாரும் விடவில்லை. மருந்து போட்டுத்தான் ஆளைக் கொல்கிறார்கள் என்று ஒரு பேச்சு.

செல்லம்மாள் என்று ஒரு அம்மாள். கொழுந்தனை முந்தின நாள்தான் பறிகொடுத்திருந்தாள். மருமகள் உள்ளே படுத்த படுக்கையாகக் கிடந்தாள். செல்லம்மாள்தான் தன் அண்டாவை வாசலுக்கு இழுத்து வந்து, "போடுங்க சாமி, பாப்பம்" என்றாள். படிகாரக் கட்டியைத் தண்ணீரில் பிடித்து நாலு சுற்றுச் சுற்றிவிட்டு எடுத்தேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்பு முழுவதும் திரிதிரியாகத் திரண்டது. சின்னச் சின்ன மேகங்கள் மாதிரி சத்தமில்லாமல் கீழே இறங்கின. மேலிருந்து அண்டாவின் அடிப்பாகம் தெரிய ஆரம்பித்தது. சிரித்தவர்களும் முண்டிக்கொண்டு வந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

மண் துகள் எல்லாவற்றிலும் ஒரே ஜாதி மின்சாரம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன, படிகாரம் அந்த மின்சாரத்தைப் பிடுங்கிவிடுகிறது, உடனே ஒட்டிக்கொண்டு படிகின்றன என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். அங்கே அதையெல்லாம் சொல்லவில்லை. தெளிந்த தண்ணீரிலும் நோய் இருக்கும் என்பதை மட்டும் சொல்லி, அதை வேறு அண்டாவில் இறுத்து பிளீச்சிங் பவுடரைப் போட்டேன். மருந்து வேலை செய்யும்வரை காத்திருந்து, முதல் சொம்பை செல்லம்மாளே குடித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாசலிலும் அண்டா வந்தது. தெருவில் புதிதாகப் படுப்பவர்கள் குறைந்தார்கள். மருமகளும் எழுந்துவிட்டாள்.

நான் கிளம்பும்போது செல்லம்மாள் அண்டாவின் அடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உக்காருன்னா உக்காருதுங்களே இந்தச் சேறு! எங்க தெருவுல சொன்ன பேச்சுக் கேட்டது இது ஒண்ணுதானுங்க."

வாத்தியாரும் வெள்ளைக்கருவும்

காலில் கட்டி அறுத்துக்கொள்ள ஒரு வாத்தியார் வந்தார். மரக்கறி தவிர எதையும் வீட்டு வாசலுக்குள்ளேயே விடாதவர். நல்ல கோடை. கை கழுவுவதற்காகக் கலந்து வைத்திருந்த பாதரச மருந்துத் தண்ணீரைக் குடிதண்ணீர் என்று நினைத்து மடமடவென்று குடித்துவிட்டார். அடுத்த நிமிஷம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"முட்டை! எங்கிருந்தாவது முட்டை!" என்று டாக்டர் கத்தினார். புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் மாரியப்பன் தெருவுக்கு ஓடி, வீட்டுக்கு வீடு வாங்கி வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டு வந்தான். நான் வெள்ளைக்கருவைத் தண்ணீரில் அடித்து நீட்டினேன். வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் மேஜைக்குப் போனார். ஒரு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் வெள்ளைக்கருவை விட்டு, அதே பாதரசத் தண்ணீரை அதில் சொட்டினார். தெளிவாக இருந்தது பட்டென்று வெளுத்துத் தயிர் மாதிரி திரிந்தது. "விஷம் இதைப் பிடித்துக்கொண்டது, பாருங்கள். வயிற்றுக்குள் இது இல்லையென்றால் உங்கள் குடலைத்தான் பிடிக்கும்" என்றார். வாத்தியார் அந்தத் தம்ளரையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

உடனே வாந்தி எடுக்க வைத்து, குழாய் விட்டு வயிற்றைக் கழுவினோம். கொஞ்ச நாள் சிறுநீர் சரியாக இறங்காமல் எல்லோரையும் பயமுறுத்திவிட்டுப் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் நாளில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உசுரே போனாலும் முட்டையத் தொடமாட்டேன்னு எல்லாருகிட்டவும் சொல்லீட்டிருந்தேனுங்க. நெசமாலுமே உசுரு போறப்பத்தான், அது சும்மா சொன்னதுன்னு எனக்கே தெரிஞ்சுதுங்க" என்றார்.

பெயர் வைக்காத குழந்தை

சேந்தமங்கலத்து வண்டிக்காரர் ஒருவர், பழனியப்பன் என்று பெயர், துணியில் சுற்றிய ஒரு குழந்தையோடு வந்தார். தாய் பிரசவத்தில் போய்விட்டாள். பசும்பால் கொடுத்தால் கட்டிகட்டியாகக் கக்கிவிடுகிறது. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கண்ணை மட்டும் திறந்து திறந்து மூடியது. அப்போதெல்லாம் பாலில் பார்லிக் கஞ்சி சேர்க்கச் சொல்வோம். சண்டைக் காலமானதால் பார்லி டப்பா கப்பலேறி வருவது நின்றுபோயிருந்தது.

டாக்டர் யோசித்தார். "கொல்லிமலையில் கூவைக்கிழங்கு இருக்குமே?" என்றார். "சந்தைக்கே வருதுங்களே" என்றார் பழனியப்பன். ஆரோரூட் என்கிற அந்தக் கிழங்கு மாவு கொஞ்சம் எங்கள் அலமாரியிலும் இருந்தது. அதைத் தண்ணீர்க் கஞ்சியாகக் காய்ச்சினேன். டாக்டர் இரண்டு தம்ளரில் பால் ஊற்றி, ஒன்றில் மட்டும் கஞ்சியைக் கலந்து, இரண்டிலும் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தார். வெறும் பால் பெரிய கட்டியாக உறைந்தது. கஞ்சி கலந்த பால் பூ மாதிரி உதிரி உதிரியாகத்தான் திரிந்தது. ஒரு துளிப் பாலும் இன்னொரு துளியும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாதபடி கஞ்சி நடுவில் புகுந்துகொள்கிறதாம். பழனியப்பன் இரண்டு தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குழந்தையின் வயிற்றைப் பார்த்தார்.

பஞ்சில் நனைத்து நனைத்து ஊட்டினோம். அன்றைக்குக் கக்கவில்லை. மறுநாளும் கக்கவில்லை. மாவைக் கொடுத்து, காய்ச்சும் விதத்தைச் சொல்லி அனுப்பினேன். அதற்கப்புறம் அவரிடமிருந்து தகவல் இல்லை. வண்டி மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வந்தார். குழந்தை கன்னம் வைத்து, அவர் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"பொழைக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னு இவனுக்கு இன்னும் பேரே வெக்கலீங்க," என்றார் பழனியப்பன். "இன்னைக்கு வெச்சரலாமுங்களா?"

ஓட்டுக் கண்ணாடி வழியே

மருந்து அறையின் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. உச்சி வெயிலில் அதன் வழியாக ஒரு வெளிச்சக் கம்பி மேஜைமேல் இறங்கும். ஒரு நாள் டாக்டர் அதற்குக் கீழே இரண்டு சீசாக்களை வைத்தார். ஒன்றில் உப்புத் தண்ணீர், இன்னொன்றில் நன்றாக வடிகட்டிய பிசின் தண்ணீர். இரண்டும் ஒன்றுபோலத் தெளிவு. வெளிச்சம் உப்புத் தண்ணீருக்குள் புகுந்த சுவடு தெரியாமல் போனது. பிசின் தண்ணீருக்குள் மட்டும் பால் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. உள்ளே மிதக்கிற துகள் ஒவ்வொன்றும் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது என்றார் டாக்டர். கண்ணுக்குத் தெரியாதது, தான் இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டது. நான் சீசாவை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.

எதற்கும் ஆச்சரியப்படாத மாரியப்பனும் வெகுநேரம் நின்று பார்த்தான். "நம்ம ஆசுபத்திரிக் கெணத்துத் தண்ணியயும் ஒருக்கா இங்க வெச்சுப் பாத்தரலாமுங்களா?" என்று கேட்டவன், உடனே கையை ஆட்டினான். "வேண்டாமுங்க. பாத்தா அப்பறம் குடிக்க முடியாதுங்க."

கரையாமலும் படியாமலும் நடுவிலேயே நிற்பவை உலகத்தில் இத்தனை வேலை செய்வதைப் பார்த்துவிட்டதால், டாக்டராகவும் ஆகாமல் நோயாளியாகவும் ஆகாமல் நடுவில் நின்றே நான் கழித்த உத்தியோகத்தைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொள்வதில்லை.