பண்ணையார் பிடித்த பதம்

சாரல் விழுந்துவிட்டால் ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்கு வந்து அருவியடியில் நின்று பல் கிடுகிடுக்கும். எங்கள் பண்ணையார் ஒருவர்தான் குற்றாலத்துக்கு வந்து வெந்நீரில் குளிப்பார். அருவி தலையில் விழுந்தால் பிடரிக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வயல் வாசுதேவநல்லூரில், சீசனுக்கு இங்கே ஒரு பங்களா. அதற்கு மேனேஜர் நான். மேகம் இறங்கி மலையை மேய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், கூப்பிட்டால் ஓடுவேன்.

அந்த வருஷம் பங்களாவுக்குக் குழாய் போட்டோம். மாடியில் தொட்டி, கொல்லையில் விறகு பாய்லர். வெந்நீருக்கு ஒரு குழாய், பச்சைத் தண்ணீருக்கு ஒன்று. பண்ணையாரின் குளியலறையில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து மேலேறி ஷவராய்க் கொட்டும். ஷவருக்குக் கீழே கைக்கெட்டும் உயரத்தில், ஷவரை மூட மூன்றாவதாக ஒரு திருகு. வேலை செய்தவர் தென்காசி ஃபிட்டர். கைசுத்தமான ஆள் என்று சத்தியம் செய்யாத குறையாக அவரைக் கூட்டிவந்தது நான்தான்.

மூன்றாம் நாள் சமையல்காரர் மோர்ப் பானையோடு வந்து நின்றார். அடுப்படிக் குழாயில் பிடித்த தண்ணீரை ஊற்றியதும் மோர் திரிந்துபோய்விட்டது. பண்ணையாரம்மா கால் கழுவப் போய், சுட்டு, ஒற்றைக் காலில் திரும்பினார். பச்சைத் தண்ணீர்க் குழாய் எதைத் திறந்தாலும் ஆவி பறந்தது.

ஃபிட்டருக்கு ஆள் போனது. பண்ணையார் சத்தம் போடவில்லை. "பொழுது சாயதுக்குள்ள பச்சத்தண்ணி வரணும் வே. வரலைன்னா அத்தனையும் பிடுங்கிருவேன். பொறவு குத்தாலத்துல ஒரு பங்களாக்காரன் உம்மைக் கூப்பிட மாட்டான்" என்றார். ஃபிட்டரின் முகம் ஈயம் பூசாத பாத்திரம்போல் கறுத்தது.

ஆளுக்கொரு காரணம் சொன்னோம். மலைக்கடியில் வெந்நீர் ஊற்று இருப்பதாகத் தோட்டக்காரர் சொன்னார். வெயிலில் இரும்பு காய்கிறது என்றேன் நான். நாலு நாளாய் வெயிலே இல்லை என்பதைச் சமையல்காரர் நினைவூட்டினார்.

ஃபிட்டர் இரண்டு மூட்டுகளைக் கழற்றிப் பார்த்தார், குறை தெரியவில்லை. பிறகு மாடியேறி, பாய்லருக்குப் போகும் வழியை விட்டுவிட்டு, தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கும் வால்வை மட்டும் மூடிவிட்டு வந்தார். இனி அடுப்படிக் குழாய் வறள வேண்டும். திறந்தார். கொதிக்கக் கொதிக்கக் கொட்டியது.

"தம்பி, வெந்நி எங்கனயோ வாசல் கண்டு இந்த வீட்டுக்குள்ள புகுந்துட்டு. வாசல் எதுன்னு பாப்போம்."

சுவரோடு போன குழாயை, காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடுவதுபோல் தொட்டுத் தொட்டு நடந்தார். போகப் போகச் சூடு ஏறியது. போய் நின்ற இடம் பண்ணையாரின் குளியலறை. கீழே இரண்டு குழாயும் திறந்தே கிடந்தன. மேல்திருகு மட்டும் மூடியிருந்தது. ஒரு சொட்டுகூட ஒழுகாததால் யாருக்கும் தெரியவில்லை. மேலே வழியில்லாத வெந்நீர், சேருமிடத்தில் திரும்பிப் பச்சைக் குழாய்க்குள் நடந்திருக்கிறது.

பண்ணையாருக்கு வெந்நீரில் பதம் முக்கியம். முதல் நாள் அரைமணி நேரம் திருகித் திருகி அதைப் பிடித்தார். பிடித்ததைக் கலைக்க மனம் வராமல், அன்றிலிருந்து மேல்திருகை மட்டும் மூடிவிட்டு வருகிறார்.

இதை அவரிடம் யார் சொல்வது? சொன்னால் என் வேலை, சொல்லாவிட்டால் ஃபிட்டர் பிழைப்பு. படித்தவன் என்று ஃபிட்டர் என்னை முன்னே தள்ளிவிட்டார். நீரின் இயல்பு பற்றி ஆரம்பித்தேன். பண்ணையார் என்னைப் பார்த்த பார்வையில் மீதி இயல்பு வற்றிவிட்டது.

ஃபிட்டர் முன்னே வந்தார். "எசமான், குழாயில குத்தமில்ல. நீங்க பிடிச்ச பதம் அடுப்படி வரைக்கும் போயிட்டு."

பண்ணையார் எழுந்து குளியலறைக்குப் போய், தன் கையாலேயே கீழ்க்குழாய் இரண்டையும் மூடினார். மாடி வால்வைத் திறந்ததும் அடுப்படிக் குழாய் இருமியது, துப்பியது, கொஞ்சநேரத்தில் குளிர்ந்தது.

"மேல உள்ளதக் கழத்திட்டா, யாரு குளிச்சாலும் கீழ ரெண்டையும் மூடித்தான் ஆகணும்" என்றார் ஃபிட்டர்.

"அப்போ என் பதம்?"

ஃபிட்டர் அரத்தை எடுத்து, பதம் வருமிடம் பார்த்து, இரண்டு குழாய்ப் பிடியிலும் ஒவ்வொரு கோடு இழுத்தார். பண்ணையார் விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பக்கத்துப் பங்களாவுல குழாய் போடணும்னாங்க. இவரைக் கூட்டிட்டுப் போ. இங்க என்ன கோளாறுன்னு கேட்டா, 'யாரு குளிச்சாலும்'னு சொன்னாருல்லா, அதையே சொல்லு. குளிச்ச ஆளைச் சொல்லாத."