கேட்பாரற்ற பணமும் குவாரி மேட்டு வீடும்

ட்வைலா ஓபர்ஹோல்ட்டுக்கு நாற்காலி ஒத்துவரவில்லை. இருபத்துநான்கு வருஷம் ஒஹாயோ ஆற்றை ஒட்டிய மலைச் சாலைகளில் தபால் வண்டி ஓட்டியவள் அவள். ஒரு நாளைக்கு நானூற்றுச் சொச்சம் சாலையோரத் தபால் பெட்டிகள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நீட்டியே வலது தோள்பட்டை பழுதாகிவிட்டது. டாக்டர் வண்டியை விடச் சொன்னபோது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. கவுண்டி என்னும் உள்ளூர் நிர்வாகத்தின் வரி அலுவலகத்தில் குமாஸ்தா வேலை காலியாக இருந்தது, சேர்ந்துகொண்டாள்.

சேர்ந்து ஐந்து வருஷமாகியும் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார அவளால் முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடிப்பாள். ஜன்னலுக்குப் போய் நீதிமன்றப் புல்வெளியைப் பார்ப்பாள். திரும்பி வந்து பேனாக்களை அடுக்குவாள்.

அவளுக்குக் கொடுத்திருந்த வேலை, சொத்து வரி பாக்கி வைத்தவர்களுக்குப் பதிவுத் தபாலில் எச்சரிக்கை அனுப்புவது. வருஷா வருஷம் செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, கட்டாதவர்களின் வீடுகள் நீதிமன்றப் படிக்கட்டில் ஏலத்துக்கு வரும். அனுப்பியதில் ஒரு பகுதி, வாங்க ஆளில்லை என்று முத்திரை குத்தப்பட்டுத் திரும்பி வந்துவிடும். அலுவலகத்தில் மற்றவர்களுக்கு அது முடிந்துபோன காரியம். சட்டப்படி அனுப்பியாயிற்று, கோப்பில் வைத்தாயிற்று. ட்வைலாவால் அப்படி இருக்க முடியவில்லை. தபால்காரிக்குத் திரும்பி வந்த கடிதம் என்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். அந்த வருஷம் முப்பத்தொன்று திரும்பியிருந்தன. அந்த உறைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கால் பரபரத்தது.

முதல் வருஷம் அவள் ஒரு தப்புச் செய்திருந்தாள். திருமதி ப்ரூயிட் என்ற ஒரு விதவைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் குறைந்தது. தன் கைக்காசைப் போட்டுக் கட்டிவிட்டாள். அந்த அம்மாளுக்கு விஷயம் தெரிந்ததும் நேராக வந்து பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மளிகைக் கடையில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கவுண்டிப் பொருளாளர் கில்ஃபாயில், ட்வைலாவைவிடப் பதினைந்து வயது சின்னவர், அவளைக் கூப்பிட்டு ஊழியர்கள் யாரும் யாருக்காகவும் வரி கட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அவள் வேறு வழி பிடித்தாள். மறந்துபோன வங்கிக் கணக்கு, கடைசியாக வாங்காமல் விட்ட சம்பளம், இறந்தவர்களின் காப்பீட்டுத் தொகை என்று கேட்பாரற்றுக் கிடக்கும் பணத்தையெல்லாம் மாநில அரசு ஒரு இடத்தில் வைத்திருக்கிறது. கணினியில் பெயரைத் தட்டி யாரும் தேடலாம். மதிய இடைவேளையில் ஒரு கையில் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு, மறு கையால் அந்த முப்பத்தொரு பெயர்களையும் தட்டிப் பார்த்தாள்.

கில்ஃபாயில் ஒரு நாள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "நம்ம வேலை வரி வசூல் பண்றது, ட்வைலா. புதையல் தேடுறது இல்ல" என்றார்.

"சாப்பாட்டு நேரம் சார். மத்தவங்க சீட்டு ஆடுறாங்க."

அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

ஏலத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோது டெல்பர்ட் யோகம் என்ற பெயருக்கு வந்தாள். குவாரி மேட்டுச் சாலை, நாலு வருஷ பாக்கி, ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர். அந்தப் பெயரில் மாநிலத்திடம் ஒன்றும் இல்லை. குடும்பப் பெயரை மட்டும் போட்டாள். ஹார்லன் யோகம் என்று ஒருவர் வந்தார். விலாசம்: கிராமத் தபால் வழி இரண்டு, பெட்டி நூற்றுப் பதினெட்டு.

ட்வைலா சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். அந்த விலாசம் இப்போது எந்த வரைபடத்திலும் கிடையாது. ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் திண்டாடுகிறது என்று இருபது வருஷத்துக்கு முன்பு எல்லாச் சாலைகளுக்கும் பெயரும் எண்ணும் கொடுத்துப் பழைய பெட்டி எண்களை ஒழித்துவிட்டார்கள். ஆனால் அவள் பழகியது அந்தப் பழைய எண்களில்தான். நூற்றுப் பதினெட்டு, கல்பாலம் தாண்டி இடது பக்கம், வால்நட் மரத்தில் சாய்த்துக் கட்டிய பெட்டி. அது டெல்பர்ட்டின் வீடேதான். ஹார்லன் அவருடைய அப்பா.

ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டதும் நேராக அங்கே போனாள்.

டெல்பர்ட்டுக்கு எழுபத்தொரு வயது. குவாரியில் கல் உடைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். வாசல் படியில் உட்கார்ந்து ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "அடடே, தபால்காரம்மா. கவர்மெண்டு ஆளா ஆயிட்டீங்களாமே. வீட்ட அளக்க வந்தீங்களா?" என்றார்.

பதிவுத் தபாலை ஏன் வாங்கவில்லை என்று கேட்டாள். அவர் எழுந்து வராந்தாவில் நின்ற ஒரு பழைய ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். முன்பு மான் இறைச்சி வைத்த பெட்டி. இப்போது மின்சாரம் இல்லை. விளிம்பு வரைக்கும் பிரிக்காத கடிதங்கள். மனைவி படுத்த படுக்கையாகி இறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு பில் வந்ததாம். அடக்கம் முடிந்து வந்த மறுநாளும் ஒன்று வந்தது. அன்றைக்கு நிறுத்தியவர்தான், ஐந்து வருஷமாக ஒரு உறையையும் பிரிக்கவில்லை.

அப்பா பெயரில் பணம் இருக்கிறது என்று ட்வைலா சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். போன மாதம் எவனோ போன் பண்ணி இதே கதை சொன்னானாம், பாதியை அவனுக்குக் கொடுக்க வேண்டுமாம். "உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். உங்க தங்கச்சியும் போடணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்பானரை எடுத்து மறுபடி மோட்டாரில் குனிந்துகொண்டார். தங்கை நடீனோடு அவருக்குப் பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. அப்பாவுக்கு நினைவு தப்பியபோது டெல்பர்ட் அவரை முதியோர் விடுதியில் சேர்த்தார்; நடீனுக்கு அதில் சம்மதம் இல்லை. அப்பாவின் அடக்கத்தன்று, பாதிரியார் பக்கத்தில் நிற்கும்போதே, நீதான் அவரைக் கொன்றாய் என்று சொல்லிவிட்டாள்.

"அவகிட்ட நான் போய் நிக்க மாட்டேன். வீடு போனாப் போகுது" என்றார்.

மறுநாள் ட்வைலா மாநில அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஹார்லன் எப்போதோ எடுத்த காப்பீட்டுக்கு, அந்தக் கம்பெனி பின்னால் பங்குச் சந்தைக்கு வந்தபோது பங்குகள் கொடுத்திருக்கிறது; அவருக்கே தெரிந்திருக்காது. எல்லாம் சேர்ந்து பதினோராயிரத்து முந்நூறு டாலர். ஆனால் விண்ணப்பம் சரியாக இருந்தாலும் கைக்கு வர நாலு மாதம் ஆகும் என்றார்கள். ஏலத்துக்கு இருந்தது எட்டு நாள்.

ஒரே வழி தவணை ஒப்பந்தம். பாக்கியில் ஐந்தில் ஒரு பங்கு, ஆயிரத்து முந்நூற்று அறுபத்தெட்டு டாலர் முன்பணமாகக் கட்டிக் கையெழுத்துப் போட்டால் ஏலத்திலிருந்து பெயரை எடுத்துவிடலாம். கடைசி நேரம் வியாழன் மாலை நாலு மணி. டெல்பர்ட்டிடம் அறுநூறு இருந்தது.

சனிக்கிழமை அவள் ஆற்றைத் தாண்டிப் போய் நடீனைப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள், கனத்த உடம்பு, அண்ணனின் அதே மூக்கு. ட்வைலாவை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் தப்பாப் பேசினேன்னு எனக்குத் தெரியும். எழுதியும் சொல்லிட்டேன். ஒரு தடவையா ரெண்டு தடவையா? ஒரு வரி பதில் வரல. இப்ப பணம்னதும் உங்கள அனுப்புறானா?"

"அவர் அனுப்பல. நான் வந்தது அவருக்குத் தெரியாது."

"அப்ப அவனே வந்து கேக்கட்டும்."

ஞாயிறு முழுக்க ட்வைலா வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அலைந்தாள். சமையலறை அலமாரியைக் காலி செய்து துடைத்தாள், திரும்ப அடுக்கினாள். நாயை மூன்று தடவை நடக்கக் கூட்டிப்போனாள். நாலாவது தடவை அது எழுந்திருக்க மறுத்துவிட்டது. வங்கியில் அவளிடம் பணம் இருந்தது. அதை எடுக்க முடியாது, எடுத்தால் வேலை போய்விடும். அதைவிட, திருமதி ப்ரூயிட் மளிகைக் கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் வந்தது. நடீன் சொன்ன ஒன்று வேறு உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. எழுதினாள் என்றாளே. எழுதினது எங்கே?

புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு குவாரி மேட்டுக்குப் போனாள். பெட்டியில் இருக்கும் தபாலைப் பிரிக்க வேண்டாம், பிரித்து மட்டும் அடுக்கித் தருகிறேன் என்று கேட்டாள்.

"பிரிக்க வேண்டாம், பிரிச்சுத் தரேன்னா என்ன அர்த்தம்?" என்றார் டெல்பர்ட்.

"உறையைக் கிழிக்க மாட்டேன். வகை வகையா வைப்பேன். இருபத்துநாலு வருஷம் அதத்தான் செஞ்சேன்."

அவர் தோளைக் குலுக்கினார். அவள் வராந்தாத் தரையில் உட்கார்ந்தாள். தோள் வலித்தது. கை மட்டும் பழைய வேகத்தில் போயிற்று. விளம்பரம் ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம், கவுண்டி ஒரு பக்கம். அடியில் போகப் போக, கையால் விலாசம் எழுதிய உறைகள் தனியாகச் சேர்ந்தன. நீல மை, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. ஏழு. அனுப்பியவர் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

அந்த ஏழையும் கொண்டுபோய் மோட்டார் பாகங்களுக்கு நடுவே அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல பில் ஒண்ணும் இல்ல. உங்க தங்கச்சி எழுதினது. நீங்க படிச்சிட்டுப் பேசாம இருக்கீங்கன்னு அவங்க நெனச்சிட்டு இருக்காங்க."

டெல்பர்ட் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். உறைகளைத் தொடவில்லை. ட்வைலா அதற்குமேல் நிற்கவில்லை. அடுத்தவர் கடிதம் படிக்கும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது அவளுடைய பழைய தொழில் வழக்கம்.

வியாழக்கிழமை அவள் எத்தனை தடவை ஜன்னலுக்குப் போனாள் என்று சொல்ல முடியாது. மூன்று மணிக்கு டெல்பர்ட் வீட்டுக்குப் போன் செய்தாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றரைக்குக் கில்ஃபாயில் ஏலப் பட்டியலின் கடைசிப் பிரதியை அச்சுக்கு எடுக்கச் சொன்னார். நாலு ஆகட்டும் சார் என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்; அவளைப் பார்த்தார்; சரி என்றார்.

மூன்றே முக்காலுக்கு டெல்பர்ட்டின் டிரக் புல்வெளி ஓரம் வந்து நின்றது. ஒரு கதவில் அவர் இறங்கினார். மறு கதவில் நடீன் இறங்கினாள், சமையலறை ஏப்ரனோடு. இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் கவுண்டர் வரைக்கும் நடந்து வந்தார்கள். நடீனின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை பின்வாசலில் நின்றிருந்தாராம் டெல்பர்ட்.

டெல்பர்ட் அறுநூறு டாலரை எண்ணி வைத்தார். நடீன் காசோலைப் புத்தகத்தைத் திறந்தாள்.

"மிச்சத்த நான் எழுதுறேன். மாநிலத்துப் பணம் வந்ததும் இவன் பங்குல கழிச்சுக்குவேன். சும்மா இல்ல."

"சும்மான்னு யாரு கேட்டா?" என்றார் டெல்பர்ட்.

"நீ எதத்தான் கேட்ட? ஏழு கடுதாசி போட்டேன், ஒண்ணையாவது காதுல வாங்கினியா?"

அவர் எண்ணி வைத்த நோட்டுகளை விரலால் நேராக்கினார். "நேத்திக்குத்தான் படிச்சேன், நடீன்" என்றார்.

அவள் பேனாவை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தொகையை எழுதினாள். ட்வைலா மாநில விண்ணப்பத்தை நீட்ட, இரண்டு பேரும் கில்ஃபாயில் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்கள். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டெல்பர்ட் யோகத்தின் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று.

மாநிலத்துப் பணம் பிப்ரவரியில் வந்தது. நடீன் சொன்னபடியே கழித்துக்கொண்டாள். தன் பங்கு மொத்தத்தையும் டெல்பர்ட் வரிக்குக் கட்டியும் சிறு தொகை நின்றது. அதை மாதாமாதம் கட்டி வருகிறார். அண்ணனும் தங்கையும் கொஞ்சிக் குலாவுகிறார்கள் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நடீன் வந்து அவருடைய தபாலைப் பிரித்து உரக்கப் படிக்கிறாள். பாதி நேரம் சண்டைதான் என்று கேள்வி.

ஆனால் டெல்பர்ட் பெயர் போன மறுநாள், ஏல வெள்ளிக்கிழமை, ட்வைலா நீதிமன்றப் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றாள். திரும்பி வந்த முப்பத்தொன்றில் எட்டு வீடுகள் ஏலத்தில் போயின. கடைசியாகப் போனது லாக் தெருவில் ஒரு மஞ்சள் வீடு, லுவெல்லா கிரம்ரைன் என்ற பெயரில். அந்தப் பெயரிலும் மாநிலத்திடம் நானூறு டாலர் கிடந்தது. ஆனால் அந்த அம்மாள் எங்கே இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏலம் எடுத்தவர் அன்று மாலையே பூட்டை மாற்றிவிட்டார்.

ஏலம் முடிந்த திங்கட்கிழமை கில்ஃபாயில் அவளைக் கூப்பிட்டார். இனி செவ்வாய்க்கிழமை மதியங்களில் அவள் வெளியே போய்க் கடிதங்களை நேரில் கொடுக்கலாம், பெட்ரோல் ரசீதை மேஜையில் வைத்துவிட்டால் போதும் என்றார். அவள் நன்றி சொன்னாள். ஆனால் செவ்வாய்க்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. வீடு போனாலும் அந்த நானூறு டாலர் இருந்தது; லுவெல்லாவுக்கு ஆற்றின் கீழ்க்கரையில் ஒரு மருமகள் இருப்பதாகக் காலையில்தான் யாரோ சொல்லியிருந்தார்கள். ட்வைலா தன் இடத்துக்கு வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து, கார்ச் சாவி பையில் இருக்கிறதா என்று தடவிக்கொண்டு, கில்ஃபாயிலின் கதவை மறுபடி தட்டினாள்.