முத்து வீட்டின் ஒருநாள் மருமகள்

என் அக்கா திருச்செந்தூர்ப் பக்கம் நாசரேத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பொய் சொல்லும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று ஊரில் பெயர். அப்படிப்பட்டவள் ஒரு வியாழக்கிழமை காலையில், தூத்துக்குடியில், முன்பின் தெரியாதவர்களிடம் கூச்சமே இல்லாமல் பொய் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அன்று அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, லென்ஸ் அளவு பார்க்க மதியத்துக்கு மேல் வரச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை. கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பழைய முத்து வியாபாரியின் பெரிய வீட்டை மியூசியமாக்கியிருக்கிறார்கள், பார்த்துவிட்டு வரலாம் என்றேன்.

"கண்ணே தெரியலங்கேன், காட்சி பாக்கக் கூப்பிடுதியே ஏளா" என்றாள். ஆனாலும் ஆட்டோவில் முதலில் ஏறியது அவள்தான்.

வாசலில் சீட்டுக் கிழித்த காவலாளி, "எதையும் தொடக் கூடாது, உக்காரக் கூடாது" என்று இரண்டு முறை சொன்னார். உள்ளே பர்மா தேக்குத் தூண்களோடு நீளமான கூடம். கண்ணாடிப் பெட்டிக்குள் முத்துக்களை அளவு பிரிக்கும் பித்தளைச் சல்லடைகள் வரிசையாக இருந்தன. சுவரில் முறுக்கு மீசையும் கோட்டுமாக ஒருவரின் பெரிய எண்ணெய் ஓவியம். அதற்குக் கீழே, சிவப்புக் கயிறு கட்டி, சிங்க முகம் செதுக்கிய ஒரு நாற்காலி.

நான் சல்லடைக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டுத் திரும்பினால், அக்கா கயிற்றைத் தாண்டி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கைப்பை. காலிலிருந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள்.

"எந்திரிக்கா. உக்காரக் கூடாதுன்னாருல்லா."

"முட்டு வலிக்கி. கயிறு இருந்தது எனக்கெங்க தெரிஞ்சுது? கண்ணுல மருந்து."

கயிறு தெரியாமல்தான் அதை அவ்வளவு கவனமாகத் தூக்கிக் குனிந்து போயிருக்கிறாள். இதை நான் சொல்வதற்குள் ஒரு குடும்பம் கூடத்துக்குள் வந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர்கள். கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கிற மகள். வெள்ளைப் புடவையும் காதில் முத்துத் தோடுமாக நாற்காலியில் அக்காவைப் பார்த்ததும் மூவரும் நின்றுவிட்டார்கள். அந்தத் தோடு திருச்செந்தூர்க் கடைத்தெருவில் வாங்கிய பிளாஸ்டிக்.

அந்த அம்மாள் கையைக் கூப்பி, "ஏனுங்கம்மா, நீங்க இந்த வீட்டுக்காரங்களுங்களா?" என்றார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில், அடுத்த வீட்டு மாங்காய் மரத்தில் கல் விடுவதற்கு முன் பார்ப்பாளே, அதே பார்வை.

"மூத்த மருமக" என்றாள். "வாங்க, எங்கன இருந்து வாரீய?"

அதற்குப் பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஓவியத்தில் இருப்பவர் மாமனார் என்றாள். ஊருக்கே முத்து விற்றவர், ஆனால் படகில் கால் வைத்தால் வாந்தி எடுப்பாராம். முத்துக் குளிப்பு நடக்கும் மாதங்களில் கரையில் நின்று, குடையைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்து அதிகாரம் மட்டும் பண்ணுவாராம். சல்லடையைப் பற்றி அந்தக் கல்லூரிப் பெண் கேட்டாள்.

"முத்து சலிச்சதுன்னுதான் எழுதிப் போட்டிருக்காங்க. சலாபம் இல்லாத வருஷம் எங்க மாமியா அதுலதான் இடியாப்பத்துக்கு மாவு சலிப்பா. மாவுக்குள்ள ஒரு தடவ முத்து கெடந்து மாமாவுக்குப் பல்லு போச்சு. அதான் படத்துல வாய மூடியே இருக்காரு."

சலாபம் என்றால் முத்துக் குளிக்கும் பருவம் என்று நானே அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பெண் எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள். நான் தூண் பக்கம் நகர்ந்தேன். அப்போதுதான், தூணுக்கு அந்தப் பக்கம், அரைக்கைச் சட்டையும் கையில் தொப்பியுமாக, எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அவர் மெதுவாகக் கயிற்றருகே போனார்.

"மதினி, என்னத் தெரியலையா?" என்றார் அக்காவிடம்.

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பெரிய மங்கலைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

"கொழுந்தனத் தெரியாமலா? கண்ணுல மருந்து விட்டிருக்கு. முன்னைக்கு மெலிஞ்சிட்டீய" என்றாள்.

"சுகர் வந்துட்டு மதினி."

"இடியாப்பத்தக் கொறைங்கன்னு அப்பவே சொன்னேன்."

கோயம்புத்தூர் அம்மாள் கண் கலங்கிவிட்டார். குடும்பம் ஒன்று சேர்வதை நேரில் பார்ப்பது பாக்கியம் என்று சொல்லி, அக்காவிடம் ஆசி வாங்கிக்கொண்டு கிளம்பினார். கணவரும் மகளும் பின்னால் போனார்கள்.

கூடம் காலியானதும் தொப்பிக்காரர் சிரித்தார். "நீங்க யாருன்னு தெரியல. நான் நெசமாவே இந்த வீடு. மாடியில, மேக்குப் பக்கத்து ரூம்லதான் பொறந்தேன். இப்ப மெட்ராஸ்ல மக வீட்டுல இருக்கேன். சீட்டு வாங்கித்தான் உள்ள வந்தேன்."

அக்கா பதறி எழுந்தாள். தலைமையாசிரியை முன்னால் நிற்கும் பிள்ளை போல அவள் நின்றதை அன்றுதான் பார்த்தேன். மன்னிப்பு கேட்க வாயெடுத்தாள். அவர் கேட்கவே விடவில்லை.

"எங்க தாத்தாவுக்கு இந்தக் கூடத்துல ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. இந்த நாற்காலியில எங்க அப்பாகூட உக்காந்ததில்ல" என்றார்.

"அப்ப நீங்க உக்காருங்க" என்று அக்கா கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள்.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளே போய், இரண்டு கைகளையும் சிங்க முகங்களின் மேல் வைத்து, முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துக் காவலாளி வந்தார்.

"சார், எந்திரிங்க. வயசான மனுஷன், போர்டு போட்டிருக்குல்லா?"

"இது எங்க தாத்தா நாற்காலி தம்பி."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாவ. வீட்டு மருமக அந்தா நிக்காவ. அவங்களே நிக்காவ, நீங்க உக்காந்திருக்கீய." கோயம்புத்தூர்க்காரர்கள் வாசலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவர் எழப் போனார். அக்கா, பள்ளி மணி அடித்த மாதிரி நிமிர்ந்தாள்.

"விடுங்க தம்பி. நம்ம ஆளுதான், உக்காரட்டும்."

"நீங்க சொன்னாச் சரிம்மா" என்று காவலாளி நகர்ந்தார். அவர் பார்வையிலிருந்து மறைந்ததும், நாற்காலியில் இருந்தவர் வாயைத் தொப்பியால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் வந்தது. நாங்கள் இருவரும் சல்லடையைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டோம்.

பிறகு மூவருமாக எதிர்ச் சாரியில் இருந்த கடையில் டீ குடித்தோம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் போன இடைவெளிகளில் பேசிக்கொண்டோம். அந்த ஓவியம் அவர் தாத்தாவே இல்லையாம். நிஜப் படம் உப்புக் காற்றில் அரித்துப் போனதால், மியூசியத்துக்காகக் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார்கள்.

"அப்ப நான் யாரப் போட்டு இவ்வளவு வைஞ்சிருக்கேன்?" என்று அக்கா கேட்டாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

டாக்டரிடம் திரும்பிப் போனபோது கண் தெளிந்துவிட்டிருந்தது. லென்ஸ் அளவு எடுத்தார்கள். ஊருக்குப் போகும் பஸ்ஸில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இதற்காகத் தனியாக ஜெபிக்கப் போவதாகச் சொன்னாள். வாத்தியார் வேலை பார்த்தவள் வாயில் இவ்வளவு பொய் வந்ததே என்று புலம்பினாள். நான் ஜன்னல் வழியாக உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏனென்றால் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் போகிற போக்கில் என்னிடமும் கேட்டிருந்தாள், "ஆன்ட்டி, நீங்களும் இந்த வீடுங்களா?" என்று. என் கண்ணில் எந்த மருந்தும் விடவில்லை.

"சின்ன மருமக" என்று சொல்லியிருந்தேன்.