மே மாதத் தாளில் நான்

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. திருத்தங்கலில் காலண்டர் அச்சகம் வைத்திருக்கிறேன். நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன். போன மார்கழியில் என் வேட்டியை எனக்கு என் மனைவி பாண்டிலட்சுமிதான் கட்டிவிட்டாள். கட்டிவிடும்போது கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நிற்பேன். அந்த நிலைமையிலும் மனசுக்குள் ஒரு கோல்ஃப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு ஆளைப் பற்றி யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், குடும்பத்தார் கவனிக்கவில்லையா என்றுதான் கேட்டிருப்பேன்.

கோல்ஃப் எங்கள் பக்கத்து விளையாட்டு இல்லை. அதற்குப் புல் வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் முளைக்கிற புல் ஆட்டுக்கே பத்தாது. பாண்டிலட்சுமியின் தம்பி ஸ்ரீராம்குமார் வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு கம்பெனி நடத்துகிறான். வடக்கேயிருந்து பெரிய வியாபாரிகள் வந்தால் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய்க் கோல்ஃப் ஆட வைப்பான். ஒரு தடவை பேச்சுத் துணைக்கு என்னையும் அழைத்துப் போனான். அங்கே ஒரு சேட்டு என் கையில் மட்டையைக் கொடுத்து, அடித்துப் பாருங்கள் என்றார். அடித்தேன். பந்து போன திசை எனக்குத் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் கை தட்டினார்கள். கல்யாண வீட்டில்கூட எனக்கு அப்படி யாரும் கை தட்டியதில்லை. அன்றைக்குப் பிடித்தது சனி.

ஆமத்தூரில் எங்களுக்குக் கொஞ்சம் தரிசு நிலம் கிடக்கிறது. கரிசல் மண், சுற்றிலும் சீமைக்கருவேலம். அதில் நான்கு குழி தோண்டிக் கொடி நட்டு என் மைதானமாக்கிக்கொண்டேன். காலையில் கம்பெனிக்குப் போகும் முன் அங்கே போய்ப் பந்தை அடிப்பேன். பந்து முள்ளுக்குள் போகும். அங்கன ஆடு மேய்க்கும் பஞ்சம்மாள் தொரட்டிக் கம்பால் அதை இழுத்துக் கொடுப்பாள்.

"அடிச்சு விரட்டிட்டு அப்பறம் நீங்களே தேடுறீக. அடிக்காமலே கையில வச்சுக்கிட்டா என்ன அண்ணாச்சி?" என்று ஒரு நாள் கேட்டாள்.

கேள்வி நியாயமானதுதான். நான் அடுத்த பந்தை அடித்தேன்.

கோல்ஃபில் பதினெட்டுக் குழி. எவ்வளவு குறைந்த அடியில் ஒருவன் எல்லாக் குழியிலும் பந்தைப் போடுகிறானோ அவ்வளவு கெட்டிக்காரன். கொடைக்கானலில் வருடா வருடம் மே மாதம் நடக்கும் கோடைப் போட்டியில் நான் நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து என்று அடித்து வந்தேன். தொண்ணூறுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. என்னைப் போன்றவனுக்கு அது பேராசை. பாண்டிலட்சுமியிடம் இதை விளக்கியபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கொறச்சு அடிச்சாத்தான் நல்லதுன்னா, வீட்டுலயே இருந்தா சைபராச்சே. அத விடவா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சை நான் அவளிடம் எடுப்பதில்லை.

இத்துடன் நின்றிருந்தால் என் பைத்தியம் ஆமத்தூர் ஆடுகளுக்கு மட்டும் தெரிந்திருக்கும். ஊருக்கே தெரிந்ததற்குக் காரணம் என் தொழில். மற்ற ஊர்களில் வருடம் ஜனவரியில் பிறக்கிறது, இல்லையென்றால் சித்திரையில். எங்களுக்கு ஆடிப் பதினெட்டில் பிறந்துவிடும். அன்றைக்கு அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு வெளியிடுவோம். அதிலிருந்து சீசன். வரப்போகிற அமாவாசை, பௌர்ணமி, முகூர்த்த நாள், யாருக்கு லாபம், யாருக்கு அலைச்சல், எல்லாம் ஏற்கெனவே எங்கள் குடோனில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். வருமா வராதா என்று யோசிக்கிறவன் காலண்டர் அடிக்க முடியாது. முப்பது வருடம் இப்படியே பிழைத்ததில், அடித்துவிட்டால் அது நடந்தே தீரும் என்று எனக்கு ஒரு நினைப்பு வந்திருந்தது.

போன ஆடியில், வாடிக்கையாளர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுப்பதற்காக ஒரு மாதக் காலண்டர் தனியாகப் போட்டேன். மாதம் ஒரு படம். மே மாதத் தாளில் நான் நின்றேன். வெள்ளைத் தொப்பி, தோளுக்கு மேல் ஓங்கிய மட்டை, பின்னால் ஆமத்தூர் கருவேலத்தை அழித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் ஒட்டிய பச்சைப் புல்வெளி. கீழே, 'கொடைக்கானல் கோடைப் போட்டியைத் தொண்ணூறு அடிக்குள் முடித்த எங்கள் உரிமையாளர்' என்று கொட்டை எழுத்தில் போட்டோம்.

மிஷினை ஓட்டும் முன் ஃபோர்மேன் பால்பாண்டி தாளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

"மொதலாளி, முடிச்சதுக்குப் பெறகு இதப் போட்டா என்ன?"

"கல்யாணப் பத்திரிகைய கல்யாணம் முடிஞ்ச பெறகா அடிக்கோம்?" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு மிஷினை ஓட்டினான். என் வாழ்க்கையிலேயே நான் சொன்ன புத்திசாலித்தனமான பேச்சு அதுதான் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் கடைசி லோடு போய்க்கொண்டிருந்தபோது என் முதுகு போனது. காலண்டர் கட்டுத் தூக்கித்தான் போனது என்று ஊரில் இன்றும் சிலர் மரியாதையாகச் சொல்கிறார்கள். அப்படிப் போயிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். பந்தைத் தூக்கி வைத்து அடிப்பதற்கு ஒரு சின்னக் குச்சி உண்டு. விரல் நீளம்கூட இருக்காது. ஆமத்தூரில் அதைத் தரையிலிருந்து எடுக்கக் குனிந்தேன். இடுப்புக்கு மேலே சுளீர் என்றது. அப்படியே கரிசலில் சாய்ந்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது வெள்ளாடு ஒன்று என் தொப்பியைத் தின்றுகொண்டிருந்தது.

"எந்திரிங்க அண்ணாச்சி, ஆடு மெரளுது," என்றாள் பஞ்சம்மாள். எழ முடியவில்லை என்று தெரிந்ததும் போனை வாங்கி யாருக்கெல்லாமோ சத்தம் போட்டுச் சொன்னாள். லோடு ஏற்றிக்கொண்டிருந்த குட்டியானை வண்டியையே பால்பாண்டி திருப்பி அனுப்பினான். காலண்டர் கட்டுகளை இறக்க நேரமில்லை. அவற்றின் மேலேயே ஒரு போர்வையை விரித்து என்னைப் படுக்கப் போட்டார்கள். சிவகாசி ரோட்டின் பள்ளம் ஒவ்வொன்றிலும், ஆயிரக்கணக்கான மே மாதங்கள் என் முதுகில் இடித்தன.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை, ஓய்வும் பயிற்சியும் போதும் என்றார் டாக்டர். ஓய்வுதான் கொடுமை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு தைலம் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் காலண்டர் பேச்சு வந்துவிடும். எங்கள் ஊர்க்காரர்கள் காலண்டர் கையில் கிடைத்தால் எல்லாத் தாளையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆணியில் மாட்டுவார்கள்.

"மே மாசத்துல பாத்தோம். ஜம்முன்னு நிக்கீக," என்றார் பலசரக்குக் கடை செல்லச்சாமி. பிறகு என் இடுப்பைச் சுற்றியிருந்த பெல்ட்டைப் பார்த்தார். "இன்னும் நாள் கெடக்குல்லா," என்று ஆறுதல் சொன்னார்.

மே மாதத் தாளில் என் படத்துக்குக் கீழே போட்ட அந்த ஒரு வரியை எப்படியாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு அங்கேதான் பிடித்தது. இல்லாவிட்டால் இத்தனை வீட்டுச் சுவரிலும் மே மாதம் முழுக்க நான் பொய் சொல்லிக்கொண்டு தொங்க வேண்டும்.

விருதுநகரில் ஓவியா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். என் மகள் வயதுதான் இருக்கும். முதல் நாளே கேட்டாள், "குணமானதும் என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க சார்?"

"பந்த எரநூறு கஜம் அடிக்கணும்மா. மே மாசத்துக்குள்ள."

அவள் பாண்டிலட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள். பாண்டிலட்சுமி ஜன்னலைப் பார்த்தாள்.

"மொதல்ல பனியன நீங்களே போடுங்க சார். பெறகு பந்தப் பாப்போம்."

பனியனுக்கே பொங்கல் தாண்டிவிட்டது. குப்புறப் படுத்துக் காலைத் தூக்கு, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கு, நான்கு காலில் நின்று ஒரு கையை மட்டும் நீட்டு. முதலாளியைப் பார்க்க வீட்டுக்கு வந்த பேப்பர் கம்பெனி ஏஜெண்ட், கூடத்தில் நான் நாலு காலில் நிற்பதைப் பார்த்து வாசலோடு திரும்பிவிட்டார். பாண்டிலட்சுமி ஒரு நாள்கூட விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்யவைத்தாள். செய்யவைத்துக்கொண்டே, அந்தப் பந்து நாசமாய்ப் போக வேண்டும் என்று திட்டுவாள். நானும் இடுப்பைத் தூக்கியபடியே சரி சரி என்பேன்.

சித்திரை பிறந்ததும் ஓவியா மட்டையைத் தொட அனுமதி கொடுத்தாள். இரண்டு நிபந்தனை. மட்டை தோளுக்கு மேல் போகக் கூடாது. எக்காரணம் கொண்டும் நான் குனியக் கூடாது.

"குனியாம எப்பிடிம்மா? குச்சி நடணும், குழிக்குள்ளருந்து பந்த எடுக்கணும்."

"வேற யாராச்சும் குனியட்டும். அக்கா, நீங்க கூடப் போனாத்தான் இவர அனுப்புவேன். வேற ஆளு போனா, ஏமாத்திட்டுக் குனிஞ்சிருவாரு."

அவளுக்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்படியாக மே மாதம் வந்தது. ஸ்ரீராம்குமார் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போனான். காலையில் மைதானத்தில் பனி இறங்கியிருந்தது. தொப்பியும் கண்ணாடியுமாக நின்ற கனவான்களுக்கு நடுவே, சேலையை இழுத்துச் செருகி, என் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பாண்டிலட்சுமி வந்து நின்றாள். பையைத் தூக்க ஆள் இருந்தான். ஆனால் குனிகிற வேலையை அவள் அவனிடம் விடவில்லை. குச்சியைத் தரையில் நட்டாள், அதன்மேல் பந்தை வைத்தாள், நகர்ந்து நின்றுகொண்டாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

நான் ஓவியா சொன்னபடி அரை வீச்சுத்தான் வீசினேன். பந்து கொஞ்ச தூரம்தான் போனது. ஆனால் நேராகப் போனது. நான்கு வருடமாக முழு பலத்தையும் போட்டு மரத்தின் மேலும், ஓடையிலும், ஒரு தடவை கிளப் மேனேஜரின் கார் மேலும் அடித்தவன் நான். இப்போது பந்து சொன்ன பேச்சுக் கேட்டுப் புல்லின் நடுவிலேயே போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாவது குழி தாண்டியதும் ஸ்ரீராம்குமார் அடிக்கணக்கு எழுதிய என் கார்டை வாங்கிப் பார்த்தான்.

"அத்தான், இப்பிடியே போனீகன்னா நடந்துரும்போல."

கார்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். அதைப் பற்றிப் பேசினால் கலைந்துவிடும் என்று பயம். ஆனால் மனசுக்குள் அடுத்த ஆடிக்கான படத்தையும் அதன் கீழே போடவேண்டிய வரியையும் முடிவு செய்துவிட்டேன்.

பதினைந்தாவது குழியையும் முடித்தபோது மொத்தம் எழுபத்து நான்கு. இன்னும் மூன்று குழி. குழிக்கு ஐந்து அடி அடித்தாலே எண்பத்தொன்பது. பந்தை எடுக்கப் பாண்டிலட்சுமி குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க."

ஒரு கையால் கொடிக் கம்பைப் பிடித்திருந்தாள். மறு கையில் பந்து இருந்தது. முகம் வெளுத்திருந்தது. காலையிலிருந்து எத்தனை தடவை குனிந்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இங்கனயே இப்பிடிப் புடிச்சுக்கிட்டு நிக்கேன். முடிச்சிட்டு வாங்க. இவுக எல்லாரும் காத்துக்கிட்டு நிக்காக பாருங்க."

நான் போனேன். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. பத்தடி நடந்தேன். மூன்றே குழி, முக்கால் மணி நேரம், அதற்குள் என்ன ஆகிவிடும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. திரும்பிப் பார்த்தேன். நான் போய்விட்டேன் என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிரப் பார்த்தாள். முடியாமல் மறுபடியும் கம்பைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. மட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓவியா ஓடக் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

அவளைத் தாங்கிப் புல்லிலேயே ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். ஸ்ரீராம்குமாரிடம் என் கார்டைக் கொடுத்து, பேரை அடித்துவிடச் சொல் என்றேன். அவன் தன் ஆட்டத்தையும் விட்டுக் காரை எடுக்கப் போனான். டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். தசை பிடித்துக்கொண்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று ஊசி போட்டார்.

மலையிறங்கும்போது அவள் பின் சீட்டில் படுத்திருந்தாள். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"ஊசி போட்டதும் எனக்குச் சரியாயிருச்சு. நீங்க போய் முடிச்சிருக்கலாம்," என்றாள்.

"அட விடு. போயிருந்தாலும் தொண்ணூறத் தாண்டித்தான் வந்திருக்கும்."

"எழுவத்தி நாலுதான ஆயிருந்துச்சு. குழிக்கு அஞ்சுன்னு போட்டாலும் எம்பத்தொம்பது. ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கிட்டுத்தான வந்தேன்."

எனக்குத் திரும்பி அவளைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. இடுப்பைத் திருப்ப முடியவில்லை. காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்தேன். பாண்டிலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ரொம்ப வலிக்குதா?" என்றேன்.

"வலியெல்லாம் இல்ல," என்றாள். "மூணு குழிதானங்க இருந்துச்சு."